பழைய சரக்கு வேன் வாங்கப் போறீங்களா? டன் கணக்குக்கு முன்னாடி டேப்பை எடுங்க!

மெத்தைக் கடை, ஃபர்னிச்சர் கடை, வாட்டர் கேன் சப்ளை என எந்தத் தொழிலாக இருந்தாலும், ‘சொந்தமா ஒரு வண்டி இருந்தா வாடகை மிச்சமாகுமே’ என்று நினைக்காத சிறு வியாபாரி இல்லை. புது வண்டிக்கு பட்ஜெட் இடம் கொடுக்காதபோது, கண் போவது செகண்ட் ஹேண்ட் ‘குட்டி யானை’ பக்கம்தான். ஆனால் முதல் லோடு ஏற்றும்போதுதான் சிலருக்கு உண்மை தெரிகிறது. வண்டி எடையைத் தாங்குகிறது, பொருள்தான் உள்ளே அடங்கவில்லை!

எடை குறைவு, சைஸ் பெரிசு. இப்படிப்பட்ட சரக்குக்கு பழைய வண்டி வாங்குபவர்கள் எதைப் பார்க்க வேண்டும்?

எடையா... இடமா?

‘எத்தனை டன் தாங்கும்?’ என்பதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. சிமெண்ட், அரிசி ஏற்றுபவர்களுக்கு அது சரி. மெத்தை, சோபா, தெர்மாகோல் ஏற்றுபவர்கள் அளவைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

டாடா ஏஸ் வண்டியின் லோடு பாடி சுமார் 7 அடி நீளம், 5 அடிக்குச் சற்றுக் குறைந்த அகலம். பிளைவுட் ஷீட்டோ 8 அடிக்கு 4 அடி. அதாவது பின்கதவை மூட முடியாது. குயின் சைஸ் மெத்தை 5 அடி அகலம், அமுக்கித்தான் படுக்க வைக்க வேண்டும். அதே பிளைவுட், 8 அடிக்கு மேல் நீளமுள்ள அசோக் லேலண்ட் தோஸ்த், மஹிந்திரா பொலிரோ பிக்கப் போன்ற வண்டிகளில் அடங்கிவிடும். மாடலுக்கு மாடல் அளவு மாறும் என்பதால், விற்பவர் சொல்வதை நம்பாமல் டேப் வைத்து நீங்களே அளங்கள். ஆம்னி, ஈகோ போன்ற மூடிய வேன்களில் உள்ளே சக்கரத்தின் மேடு இடத்தைத் தின்னும். அந்த இடைவெளியையும் கதவின் அகலத்தையும் தனியாக அளக்க வேண்டும்.

வெளியே நீட்டினால் ரூ.20,000

‘கயிறு போட்டுக் கட்டிக்கலாம்’ என்பது செலவு வைக்கும் யோசனை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 194 (1ஏ) பிரிவுப்படி, சரக்கு பக்கவாட்டிலோ, முன்னாலோ, பின்னாலோ, உயரத்திலோ அனுமதித்த அளவைத் தாண்டி நீட்டிக்கொண்டு இருந்தால் அபராதம் ரூ.20,000. சரக்கை இறக்கும் செலவும் நம் தலையில்தான்.

எடை அதிகமானாலும் ரூ.20,000 அபராதம், கூடுதலாகும் ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் ரூ.2,000. காலி வாட்டர் கேன் 50 ஏற்றினால் ஒன்றுமில்லை. அதே 50 கேனில் தண்ணீர் இருந்தால் ஒரு டன்னைத் தாண்டிவிடும். குட்டி யானைக்கு அது ஓவர்லோடு.

கூண்டு போட்ட வண்டியா?

மழைக்கு நனையாது என்று கன்டெய்னர் பாடி போட்ட வண்டியைப் பலர் விரும்புவார்கள். நல்லதுதான். ஆனால் அந்தக் கூண்டுக்கும் எடை உண்டு, ஏற்றும் திறன் அந்த அளவுக்குக் குறையும். கூண்டு பின்னாளில் போட்டது என்றால் அது ஆர்.சி.யில் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எஃப்.சி.க்குப் போகும்போது சிக்கல் வரும். ஆர்.சி.யில் உள்ள மொத்த எடையில் இருந்து காலி வண்டியின் எடையைக் கழித்தால், நீங்கள் சட்டப்படி ஏற்றக்கூடிய எடை வந்துவிடும்.

வண்டிக்கு அடியில் குனிஞ்சு பாருங்க

புது பெயின்ட்டைப் பார்த்து மயங்க வேண்டாம். சேசிஸில் விரிசல், வெல்டிங் வைத்த தடம் இருந்தாலோ, பின் பட்டைகளில் கூடுதல் பட்டை சேர்த்திருந்தாலோ, அந்த வண்டி ஓவர்லோடு அடித்திருக்க வாய்ப்பு அதிகம். டயர் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தாலும் உஷார். இன்ஜின் சூடாகும் முன் ஸ்டார்ட் செய்து புகையைப் பாருங்கள்; நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது என்று பொருள். காலி வண்டியை ஓட்டிப் பார்த்தால் கிளட்சின் நிலை தெரியாது. கொஞ்சம் லோடு ஏற்றி, ஒரு மேட்டில் ஓட்டிப் பாருங்கள். உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கை அழைத்துப் போவது இன்னும் நல்லது.

பேப்பர் சரியா இருக்கா?

* எஃப்.சி.: 8 ஆண்டுகள் வரை 2 ஆண்டுக்கு ஒருமுறை, அதன்பின் ஆண்டுதோறும் எடுக்க வேண்டும்.
* கடன்: ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் பதிவு இருந்தால், நிறுவனத்தின் என்.ஓ.சி.யும் படிவம் 35-ம் அவசியம்.
* பெயர் மாற்றம்: படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்குங்கள். இன்சூரன்ஸை 14 நாட்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும்.
* பெர்மிட்: மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வாகனத்துக்குத் தேவையில்லை. சில பிக்கப் மாடல்கள் இந்த எடையைத் தாண்டும்.
* போர்டு: ஒயிட் போர்டு வேனில் வாடகைக்கு சரக்கு ஏற்றக் கூடாது.
* நிலுவை: பரிவாஹன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டு இ-சலான் பாக்கியைப் பாருங்கள்.

லைசென்ஸ் பற்றிக் கவலை வேண்டாம். எல்.எம்.வி. லைசென்ஸ் இருந்தால் 7,500 கிலோவுக்குட்பட்ட சரக்கு வாகனத்தை ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் உறுதி செய்திருக்கிறது.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் கடைசியாக ஒன்று. நீங்கள் அடிக்கடி ஏற்றப் போகும் பொருளில் மிகப் பெரியதின் நீள, அகல, உயரத்தை ஒரு பேப்பரில் எழுதிச் செல்லுங்கள். அது உள்ளே அடங்கி, கதவும் மூடினால் மட்டும் விலை பேசுங்கள். அடங்கவில்லையா? எவ்வளவு சீப்பாகக் கிடைத்தாலும், அது உங்களுக்கான வண்டி இல்லை.