ராணி அம்மாள் எங்கே போனாள்?

உங்கள் வீட்டு அலமாரியில், பட்டுப் புடவைக்கு அடியில், மஞ்சள் துணியில் முடிந்த பழைய வெள்ளி ரூபாய் நாலாவது இருக்குமே? அப்படியானால் இதைக் கொஞ்சம் படியுங்கள்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு பாட்டி. அவரிடம் மாமியார் கொடுத்த விக்டோரியா ரூபாய் பன்னிரண்டு இருந்தது. சிதம்பரத்தில் பேத்திக்குக் கல்யாணம். காசுகளை உருக்கிச் சின்ன விளக்கு செய்வதென்று வீட்டில் முடிவாகிவிட்டது. "போட்டோவிலாவது இருக்கட்டும்" என்றார் பாட்டி. பேரன் செல்போனில் எடுத்தான். படத்தில் ராணியைக் காணோம்! முகமிருந்த இடத்தில் ஒரு வெள்ளைத் திட்டு. இன்னொன்றில் பேரனுடைய விரல்கள்!

பளபளக்கும் காசு ஒரு குட்டிக் கண்ணாடி. வெளிச்சம் எந்தச் சாய்வில் விழுகிறதோ, அதே சாய்வில் மறுபக்கம் திரும்பும். அந்த வழியில் லென்ஸ் நின்றால் திட்டு விழாமல் என்ன செய்யும்?

ஆகவே பிளாஷ் கூடாது. தலைக்கு மேல் உள்ள விளக்கையும் அணைத்துவிடுங்கள். ஜன்னலோரம் மேஜை போட்டு, ஜன்னலுக்கு மெல்லிய வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டுங்கள். எதிர்ப்புறம் ஒரு வெள்ளைக் காகிதத்தை நிறுத்துங்கள். கறுப்பு அட்டையில் லென்ஸ் அளவுக்குத் துளையிட்டுப் போனை அதன் பின்னால் மறைத்தால், உங்கள் கை காசில் தெரியாது. இரண்டு பக்கமும் புத்தகங்களை அடுக்கி, ஒரு முழ உயரத்தில் அட்டையையும் போனையும் வைத்து, 'ஜூம்' செய்து எடுங்கள். அப்படியும் பளிச்சிடுகிறதா? காசின் ஒரு விளிம்புக்கு அடியில் தீக்குச்சி ஒன்றைச் செருகுங்கள்.

கண்ணாடி போலவே மின்னும் புதுக் காசு இதற்கும் மசியாது. படச் சட்டத்துக் கண்ணாடியைக் காசுக்கு மேல் 45 டிகிரி சாய்த்து, பக்கவாட்டில் விளக்கு வையுங்கள். வெளிச்சம் கண்ணாடியில் பட்டு நேரே காசின் மேல் இறங்கும். காமிரா கண்ணாடி வழியே பார்க்கும்.

படம் எடுக்கிறோமே என்று விபூதி, புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள்! பூ வேலையும் போகும், விலையும் போகும்.

மறுபடி எடுத்த படங்களில் ஒரு வேடிக்கை. பதினோரு காசில் கிரீடம் வைத்த ராணி, வருஷம் 1862. (அந்த வருஷத்தையே போட்டுப் பின்னும் பல ஆண்டுகள் அச்சடித்தார்கள்.) ஒன்றில் மட்டும் கிரீடமில்லாத இளம்பெண், 1840. இத்தனை காலம் பாட்டி அதைக் கவனித்ததேயில்லை. ஒரு ரூபாயின் எடை 11.66 கிராம், அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. அந்த வெள்ளிக்காக ஒன்றைக்கூட உருக்கியிருக்கக் கூடாது என்பது என் கட்சி. என்னை யார் கேட்டார்கள்?

பதினொன்று ஆசாரியிடம் போயின. 1840 மஞ்சள் துணிக்கே திரும்பிவிட்டது.