புது மனைத் தண்ணீர் ஏன் டீ நிறம்?

திருவண்ணாமலையில் புதிதாக மனை போட்ட இடத்தில் ஒரு மழை பெய்யட்டும். தெருவில் டீ நிறத்தில் தண்ணீர் ஓடும். ஏன்? புல்லும் வேரும் இருந்த மண் தண்ணீரைக் குடிக்கும். ஜேசிபி ஏறி இறங்கிய மண் இறுகிவிடும்; தண்ணீர் உள்ளே இறங்காது. மேல்புழுதியும் சிமென்ட் தூளும் அதில் கலந்து ஏரிக்குக் கிளம்பும்.

கட்டிய பிறகோ, ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் 1 செ.மீ. மழைக்கே சுமார் 930 லிட்டர். முதல் தண்ணீரில் காக்கை எச்சம் இருக்கும். அதை வெளியே விட்டு, மிச்சத்தை ஜல்லியும் மணலும் நிரப்பிய குழியில் இறக்கலாம். 2003-இலேயே மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் கட்டாயமானது. குழாய் மட்டும் வைத்துக் கணக்குக் காட்டுகிறவர்களும் உண்டு.

மலைச்சரிவில் இந்தக் குழி ஆபத்து. ஊறிய மண் நழுவும். 2024 டிசம்பர் 1, ஃபெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் மண் சரிந்து ஏழு பேர் இறந்தார்கள். சரிவில் தண்ணீரை வாய்க்கால் வெட்டித்தான் கீழே இறக்க வேண்டும்.