வானவூர்தி வலவரும் அவர்தம் வீட்டுவழியும்

எங்கள் இலஞ்சியிற் பிறந்து சென்னையில் உத்தியோகம் பார்ப்போர் பலர். அவர் வெள்ளிக்கிழமை இரவு எழும்பூரிற் பொதிகை வண்டியேறிச் சனிக்கிழமை காலை தென்காசியில் இறங்குவர். சிற்றாற்றில் நீராடி, ஒன்றரை நாள் வீட்டுச் சோறுண்டு, ஞாயிறு மாலை அதே வண்டியிலே திரும்பித் திங்கட் காலையில் அலுவலகத்திற் போய் அமர்வர். அன்று அவர் எழுதுங் கணக்கிற் பிழை புகுந்தால் செவ்வாய்க்கிழமை திருத்திக்கொள்ளலாம். இவரினும் நெடுந்தொலைவு பயணஞ்செய்து தொழிலுக்குச் செல்வார் மற்றொரு கூட்டத்தாரும் உளர். அவர் கையிற் பிழை நேரின் அது திருத்தற்கு உரியதன்று. அவரே பிரயாண விமானங்களை ஓட்டும் விமானிகள்.

ஓட்டுவோன் இன்றியே விண்ணிற் செல்லும் ஊர்தியொன்று புறநானூற்றிற் பேசப்படுவதைத் தமிழ் மாணவர் அறிவர். நம் காலத்துப் பெரும் பிரயாண விமானத்திற்கோ வலவர் இருவர் வேண்டும். அவ்விருவரும் நன்கு உறங்கி எழுந்தவராதலும் வேண்டும்.

விமானக் கம்பெனி தன் விமானி ஒவ்வொருவருக்கும் ஒரு நகரத்து நிலையத்தைக் குறித்துவிடும். அதனை அவர்கள் 'பேஸ்' என்பர். அவர்தம் வேலை அங்கே தொடங்கி அங்கே முடியும். அந்நகரிலேயே குடியிருத்தல் வேண்டுமென்ற கட்டாயம் பெரும்பாலும் இல்லை. எனவே விமானி வேறோர் ஊரிலிருந்து, சிற்சில வேளை தேயத்தின் மறுகோடியிலிருந்து, தாமே ஒரு பிரயாணியாக விமானமேறிப் பேஸை அடைகிறார். இடம் ஒழிந்திருந்தால் ஆசனம் கிடைக்கும். இல்லையேல், சில நாடுகளில், ஓட்டுநர் அறையிலுள்ள மடக்கிருக்கை. அதுவும் இல்லையாயின் அடுத்த விமானத்திற்குக் காத்திருத்தல். முன்னிரவே வந்துவிடுவோர் சிலர் கூடி ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, அடுக்குக் கட்டில்களிட்டு, முறைவைத்து உறங்குவதுமுண்டு. அமெரிக்க விமானிகள் அவ்வறையைக் 'கிராஷ்பேட்' என்கின்றனர். கிராஷ் என்பது ஈண்டு அயர்ந்து விழுந்து உறங்குதலையே குறிக்குமாயினும், விமானிகள் வாயில் வரத்தகாத சொல் அதுவென்றே எனக்குத் தோன்றுகிறது.

பேஸுக்கே குடிபோனால் என்னை என்று வினவுவார் உளர். கம்பெனி ஒரு பேஸை மூடி மற்றொன்றைத் திறக்கும். யார் எங்கே அமர்வது என்பது பல கம்பெனிகளிற் பணிமூப்பால் முடிவாகும். இளையவர்க்குச் சம்பளம் குறைவு. பெருநகரில் வீட்டு வாடகை மிகுதி. மனைவிக்கோ கணவர்க்கோ சொந்த ஊரில் உத்தியோகம், பிள்ளைகள் பள்ளியில், பெற்றோர் முதுமையில். இவற்றை எண்ணுங்கால் அவரைக் குறைகூற என் மனம் ஒருப்படவில்லை.

இனி இதிலுள்ள சிக்கலைக் கூறுவேன். கம்பெனி தன் காரியத்தின்பொருட்டு விமானியை ஓரூரிலிருந்து மற்றோரூருக்குப் பிரயாணியாக அனுப்பினால், அந்நேரம் வேலைநேரமாகக் கணக்கிடப்படும். அதே விமானத்தில், அதே ஆசனத்தில், அவர் தம் வீட்டிலிருந்து வந்தாராயின் அது வேலைநேரமன்று. ஏட்டின்படி அவர் இன்னும் ஓய்விலிருக்கிறார்! உடம்போ இவ்விரு பயணத்திற்கும் வேற்றுமை அறியாது.

இதனால் விளையக்கூடியது யாது என்பதை உலகம் 2009ஆம் ஆண்டிற் கண்டது. பிப்ரவரி 12ஆம் நாள் இரவு, அமெரிக்காவில் நியூவார்க்கிலிருந்து பஃபலோவுக்குச் சென்ற கோல்கன் ஏர் 3407 என்னும் விமானம், இறங்குந் தறுவாயில் ஒரு வீட்டின்மேல் வீழ்ந்தது. ஊர்தியிலிருந்த 49 பேரும் வீட்டிலிருந்த ஒருவரும் மாண்டனர். விமானிகள் இருவர்க்கும் பேஸ் நியூவார்க். துணைவிமானியாகிய பெண்மணியின் இல்லம் மேற்குக் கரையில் ஸியாட்டில் அருகில், ஏறக்குறைய 2,400 மைலுக்கு அப்பால். முன்னாள் மாலை புறப்பட்டுச் சரக்கு விமானங்களில் மெம்பிஸ் வழியாக இரவெல்லாம் பயணஞ்செய்து, காலை ஆறு மணிக்குமேல் நியூவார்க் வந்துசேர்ந்தார். தலைமை விமானியின் இல்லம் ஃபுளோரிடாவில். அவர் சில நாள் முன்னரே வந்து வேலையிலிருந்தவர். எனினும் முந்திய இரவை நிலையத்து ஓய்வறையிலே கழித்ததாக விசாரணையில் தெரியவந்தது. இரவு 10.16 மணிக்கு, வேகம் குன்றியதை உணர்த்தும் எச்சரிக்கையாகக் கைப்பிடி நடுங்கிற்று. ஊர்தியின் மூக்கைத் தாழ்த்தவேண்டிய அந்நொடியில் தலைவர் கைப்பிடியைப் பின்னுக்கு இழுத்தார்.

அத்தவறான செயலே வீழ்ச்சிக்குக் காரணமென்று விசாரணைச் சபையார் தீர்ப்புரைத்தனர். களைப்பு இருவரையும் தளர்த்தியிருக்கக்கூடும், எவ்வளவு என்று அறுதியிட இயலாது என்பதும் அவர் கூற்று. அவர் திரட்டிய கணக்கு ஒன்று கருதத்தக்கது: நியூவார்க்கிலிருந்த அக்கம்பெனி விமானிகள் 137 பேரில் 93 பேர் வெளியூர்களிலிருந்து வந்துபோவோர், அவருள் 29 பேர் 1,000 மைலுக்கு மேற்பட்ட தொலைவிலிருந்து வருவோர்.

உறக்கமின்மையின் வலிமையை 1997இல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர் அளந்து காட்டினர். தொடர்ந்து 17 மணிநேரம் விழித்திருப்பவன் கையும் கருத்தும், இரத்தத்தில் 0.05 சதவீதம் மதுவுடையவனுடையவைபோற் சோர்வுறுகின்றன. நம் நாட்டில் மோட்டார் ஓட்டுவோனுக்குச் சட்டம் வகுத்த எல்லை 0.03. இந்திய விமானி வேலை தொடங்குமுன் கருவியில் ஊதி, மது அருந்தவில்லையென்று மெய்ப்பிக்கவேண்டும். எத்தனை மணி விழித்திருந்தார் என்பதைக் காட்ட அவ்வாறு ஊதுங் கருவி இல்லை.

கோல்கன் விபத்திற்குப்பின் அமெரிக்காவில் ஓய்வுவிதிகள் திருத்தப்பெற்று 2014 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தன. வேலைக்குமுன் 10 மணிநேர ஓய்வு விதியாயிற்று. வீட்டுவழிப் பயணத்திற்கோ தனிவிதி பிறக்கவில்லை. அதனை ஆராய்ந்த அறிஞர் குழு, விதி வகுக்கப் போதிய சான்று இல்லையென்று 2011இல் அறிவித்தது. அஃது ஒருவாறு நியாயமே. ஆயிரம் மைல் கடந்து முந்திய நாளே வந்து நன்கு உறங்கியவர், பத்து மைல் தொலைவிலிருந்தும் இரவெல்லாம் குழந்தையழுகையால் விழித்தவரினும் தெளிவாக இருப்பாரன்றோ? ஆகலின் மைலை அளந்து பயனில்லை. உறக்கத்தையே அளத்தல் வேண்டும். அதுவோ அவரவர் நேர்மையைப் பொறுத்தது. சம்பளம் குறைந்த இளைஞர் ஒருவரிடம், விடுதிக்குப் பணம் கொடுத்து உறங்கிவா என்று அவர் நேர்மையை மட்டும் நம்பிக் கூறுதல் எவ்வளவு தகும் என்பது வேறு கேள்வி.

இந்தியாவில் வாராந்தர ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணியாக 2025இல் உயர்த்தப்பட்டது. ஐரோப்பியர் விதிகளோடு ஓர் அறிவுரையும் உண்டு: இல்லத்திலிருந்து பேஸுக்குச் செல்ல வழக்கமாக 90 நிமிடத்திற்கு மேலாகுமாயின், விமானி பேஸின் அருகே தங்குமிடம் தேடிக்கொள்வதை எண்ணிப் பார்த்தல் நன்று என்பது.

இதனைப் படித்தபோது எங்களூரை எண்ணினேன். இலஞ்சியிலிருந்து செங்கோட்டை வழியாக ஆரியங்காவு மலைப்பாதையிற் சென்று திருவனந்தபுரம் விமானநிலையத்தை அடையவே காரில் மூன்று மணிநேரம் ஆகிறது. எங்கள் தெருப் பிள்ளை எவனேனும் நாளை விமானியாகி, தாய்தந்தையரை விட்டுப் பிரிய மனமின்றி இங்கேயே வாழ்வானாயின், அவன் தன் முதல் விமானத்தின் படியில் கால் வைக்குமுன்னரே அத்தொண்ணூறு நிமிடமும் அதுபோல் மற்றொன்றும் கழிந்திருக்கும். டெல்லியோ மும்பையோ அதற்கப்பால்.