துரியோதனனை செல்போனில் படம் எடுக்கப் போறீங்களா?

கம்பைநல்லூர் அமைந்திருக்கும் தருமபுரி மாவட்டத்தில் மகாபாரதக் கூத்துக்கு இன்றும் கூட்டம் கூடுகிறது. விடிய விடிய நடக்கும் கூத்தில் கிரீடமும் புஜக்கட்டையும் மின்ன துரியோதனன் வந்து நின்றால், எல்லோர் கையிலும் செல்போன் உயரும்!

கல்யாண முருங்கை போன்ற எடை குறைந்த மரத்தில் செதுக்கி, கண்ணாடித் துண்டுகள் பதித்த அணிகலன்கள் அவை. ஃபிளாஷ் போட்டால் கண்ணாடியில் பட்டுத் தெறித்து படம் வெளுத்துவிடும். ஆடுபவர் கண்ணும் கூசும். நைட் மோடில் எடுத்தால், வேகமாகச் சுழன்று ஆடுபவர் கலங்கலாகத்தான் விழுவார். திரை விலகி வேஷக்காரர் ஒரு கணம் நிற்கும்போது தட்டுங்கள்.

பகலில் நடக்கும் 18-ம் நாள் போர்ப் படுகளத்தில் வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை. தரையில் மண்ணால் செய்து கிடத்திய பிரமாண்ட துரியோதனன் மொத்தமும் ஃபிரேமில் வர, உயரமான இடத்தில் நில்லுங்கள். ஆனால், பீமன் தொடையில் அடிப்பதும் திரௌபதி கூந்தல் முடிவதும் பக்தர்களுக்கு வழிபாடு. குறுக்கே போகாதீர்கள்.

அரிதாரம் பூசும்போது படம் எடுக்க அனுமதி கேளுங்கள். ஸ்டேட்டஸில் வெறும் ‘துரியோதனன்’ என்று போடாமல், சம்மதம் கேட்டு அந்தக் கலைஞரின் பெயரையும் போடுங்கள். படத்தை அவருக்கும் அனுப்பிவையுங்கள். அடுத்த ஊர்க் கூத்துக்கு அவரை அழைக்க அந்தப் படமே உதவலாம்!