சயாமில் தீர்ப்பளிப்பவர் யார்?

ஒரு சர்க்காரின் கொள்கையைப் பற்றி ஒரு தேசத்தில் இருவேறு அபிப்பிராயங்கள் இருப்பது நோயன்று. அது ஆரோக்கியத்தின் அடையாளமேயாகும். ஆனால் அந்த அபிப்பிராய பேதத்தைத் தீர்த்து வைக்க அதிகாரமுள்ளவர் யார் என்பதிலேயே பேதம் ஏற்பட்டுவிடுமானால், அதுவே பெரு நோயாகும். 1939-ம் வருஷத்தில் தாய்லாந்து என்று பெயர் மாற்றம் பெற்ற சயாம் தேசம் தொண்ணூறு வருஷங்களுக்கு மேலாக இந்த நோயால் வருந்தி வந்திருக்கிறது. ஐரோப்பியர் ஆட்சிக்கு ஒரு நாளும் அடிமைப்படாத தேசம் அது. பர்மாவையும் மலாயாவையும் ஆங்கிலேயரும், இந்தோசீனத்தைப் பிரெஞ்சுக்காரரும் விழுங்கிய காலத்தில், இருவருக்கும் நடுவே நின்று தலை தப்பியது. அப்படிப்பட்ட தேசத்துப் பிரஜைகள் தங்கள் சர்க்காரைத் தாங்களே நியமித்து, தாங்களே நீக்கும் உரிமையைப் பெற முடியாமல் தவிப்பதன் காரணத்தை ஆராய்வது, ஓட்டுரிமை பெற்ற எந்த நாட்டாருக்கும் பயன் தரும்.

1932-ம் வருஷம் ஜூன் மாதம் 24-ந் தேதி, மக்கள் கட்சி என்ற பெயரால் ஒரு சிறு கூட்டத்தார் பாங்காக்கில் வரம்பற்ற மன்னராட்சிக்கு முடிவு கட்டினர். அக்கூட்டத்தில் பாரிஸில் சட்டம் படித்த பிரீதி பனோம்யோங் இருந்தார். பட்டாள உத்தியோகஸ்தரான பிபுல் சோங்க்ராமும் இருந்தார். வக்கீலும் சிப்பாயும் கைகோத்துக் கொண்டு வந்த சுதந்திரம் அது. முதல் பிரதம மந்திரியாக நியமிக்கப்பட்டவரோ நீதிபதியாக இருந்த மனோபகோர்ன் என்பவர். டிசம்பர் 10-ந் தேதி அரசியல் சட்டமும் அமுலுக்கு வந்தது.

ஆறு மாதங்கூட ஆகவில்லை. 1933-ம் வருஷ ஆரம்பத்தில் பிரீதி ஒரு பொருளாதாரத் திட்டத்தை வெளியிட்டார். விளைநிலங்களைச் சர்க்கார் விலைக்கு வாங்கிக்கொண்டு, குடிகளைச் சம்பளம் பெறும் ஊழியராக்க வேண்டுமென்பது அதன் சாரம். ஏழைக் குடியானவனை உய்விக்க வேறு வழியில்லை என்று ஒரு சாரார் கூறினர்; இது ரஷ்யாவின் நகல், தேசத்தை நாசமாக்கும் என்று மன்னரும் மற்றொரு சாராரும் கூறினர். இரண்டு அபிப்பிராயங்களுக்கும் இடமுண்டு. சபையில் விவாதித்து, ஓட்டெடுத்து, திட்டத்தை ஏற்கவோ தள்ளவோ செய்திருக்கலாம். நடந்தது அதுவன்று. ஏப்ரல் மாதம் முதல் தேதி பிரதம மந்திரி சபையையே மூடிவிட்டு, அரசியல் சட்டத்தின் சில பகுதிகளையும் நிறுத்தி வைத்தார். பிரீதி பிரான்சுக்கு அனுப்பப்பட்டார். ஜூன் மாதம் 20-ந் தேதி பட்டாளத்தார் அந்தப் பிரதம மந்திரியையும் துரத்தினர். கொள்கை சரியா, தவறா என்ற கேள்வியைக் கேட்டவர் ஒருவர். பதில் கூறியது துப்பாக்கி. சயாமின் பிற்காலச் சரித்திரம் முழுவதும் இந்த மூன்று மாதங்களில் அடங்கியிருக்கிறது என்று நாம் கருதுகிறோம்.

அதன் பின்னர் 1947, 1957, 1976, 1991, 2006, 2014 என்று அடுக்கிக்கொண்டே போகும்படி பட்டாளத்தார் ஆட்சியைக் கைப்பற்றினர். வெற்றி பெற்ற புரட்சிகளை மாத்திரம் எண்ணினாலும் 12-க்குக் குறையாது. 2017-ல் வந்த அரசியல் சட்டம் இருபதாவது. அரசியல் சட்டம் என்பது ஒரு ஜன சமூகம் தனக்குத்தானே செய்துகொள்ளும் உடன்படிக்கை. இருபது முறை எழுதப்பட்ட உடன்படிக்கையை எந்தக் கட்சிக்காரன் மதிப்பான்?

தற்கால விவகாரத்துக்கு வருவோம். 2001-ல் தக்சின் ஷினவத்ரா என்னும் செல்வர் தேர்தலில் வென்று பிரதம மந்திரியானார். எந்த நோய்க்கும் ஒரு தடவைக்கு 30 பாத் கட்டணத்தில் வைத்தியம், கிராமத்துக்குப் பத்து லட்சம் பாத் கடன் நிதி, குடியானவர் கடன் வசூலை ஒத்திப்போடுதல் ஆகியவை அவர் கொண்டுவந்த திட்டங்கள். வடக்கிலும் வடகிழக்கிலுமுள்ள ஏழைக் குடிகளுக்குச் சர்க்கார் என்று ஒன்று இருப்பதே அப்பொழுதுதான் தெரிந்தது என்று அவருடைய ஆதரவாளர்கள் கூறுகின்றனர். 2005-ல் அவருக்கு 500 ஸ்தானங்களில் ஏறக்குறைய முக்கால் பங்கு கிடைத்தது.

எதிர்க் கட்சியாரின் குற்றச்சாட்டுகளும் அற்பமானவை அல்ல. 2003-ல் போதைப் பொருள் ஒழிப்பு என்ற பெயரால் நடந்த வேட்டையில் விசாரணையின்றி மாண்டவர்கள் 2,000-க்கு மேற்பட்டவர்கள். 2006 ஜனவரியில் அவருடைய குடும்பத்தார் தங்கள் கம்பெனிப் பங்குகளைச் சிங்கப்பூர் சர்க்காரின் தெமாசெக் ஸ்தாபனத்துக்குச் சுமார் 7,300 கோடி பாத்துக்கு விற்று, அதற்கு வரி செலுத்தாமல் தப்பினர். நாட்டையும் கடையையும் ஒன்றாகப் பாவிப்பவர் பிரதம மந்திரியாக இருக்கத் தகுமா என்று பாங்காக் நகரத்தார் மஞ்சள் சட்டை அணிந்து வீதிக்கு வந்தது நியாயமே. ஆயினும் அவர்கள் அடுத்த தேர்தலில் ஓட்டுக் கேட்டு வெல்வதை நாடவில்லை. 2006 செப்டம்பர் 19-ந் தேதி டாங்கிகள் வந்தன. பிரதம மந்திரி போனார். வேடிக்கை என்னவென்றால், புரட்சிக்குப் பின் வந்த சர்க்கார் 30 பாத் வைத்தியத்தை ரத்து செய்யவில்லை. அந்த 30 பாத் கட்டணத்தையே ரத்து செய்தது! கொள்கையின் மேல் விரோதமில்லை. அதற்கு ஓட்டு வாங்கியவர் மேல்தான் விரோதம் என்பதற்கு வேறு சாட்சியம் வேண்டுமா?

நெல் விவகாரம் இதனினும் சிக்கலானது. 2011-ல் தக்சினின் சகோதரி யிங்லக் பிரதம மந்திரியாகி, டன் ஒன்றுக்கு 15,000 பாத் வீதம், சந்தை விலைக்கு வெகு அதிகமாக, சர்க்காரே நெல்லை வாங்குமென்று அறிவித்தார். உழுதவன் கையில் நாலு காசு சேர்வதை யார் வெறுப்பர்? ஆனால் உலகச் சந்தை பாங்காக்கின் உத்தரவுக்குக் கட்டுப்பட்டதன்று. இந்தியா 2011 செப்டம்பரில் ஏற்றுமதித் தடையை நீக்கிவிட்டது. சயாமின் கிடங்குகளில் அரிசி குவிந்தது. வாங்குவோர் நம் பக்கமும் வியட்நாமின் பக்கமும் திரும்பினர். 2012-ல் அரிசி ஏற்றுமதியில் சயாம் வெகு காலமாக வகித்த முதலிடம் இந்தியாவுக்கு வந்தது. 2014-ம் வருஷத் தொடக்கத்தில், நெல்லைக் கொடுத்த குடியானவர்களே பணம் வராமல் தலைநகரில் வந்து முறையிட வேண்டியதாயிற்று. இக்கொள்கை தவறென்றே நாம் எண்ணுகிறோம். ஆனால் தவறான கொள்கை வேறு, குற்றம் வேறு. தவறான கொள்கைக்குத் தண்டனை தேர்தலில் தோல்வி. கிடங்குகளில் நடந்த மோசடிக்குத் தண்டனை சிறைவாசம். சயாமில் இவ்விரண்டும் கலந்துவிட்டன. 2014 பிப்ரவரி 2-ந் தேதி நடந்த தேர்தலை எதிர்க் கட்சியார் பல இடங்களில் மறித்தனர். தேசமெங்கும் ஒரே தினத்தில் நடைபெறவில்லை என்று சொல்லி அரசியல் சட்டக் கோர்ட்டு அத்தேர்தலைச் செல்லாதென்றது. மறித்தவனுக்கே லாபம்! மே மாதம் 22-ந் தேதி மறுபடியும் பட்டாளம் வந்தது. 2017-ல் யிங்லக்குக்கு, அவர் தேசத்தில் இல்லாதபோதே, கடமை தவறியதற்காக ஐந்து வருஷ தண்டனை விதிக்கப்பட்டது. 2025 மே மாதத்தில் அவர் சுமார் 1,000 கோடி பாத் நஷ்ட ஈடு செலுத்த வேண்டுமென்று உச்ச நிர்வாகக் கோர்ட்டு உத்தரவிட்டது.

பட்டாளத்துக்கு அடுத்தபடியாக, சில சமயம் அதற்கு முன்னதாகவே, மந்திரி சபைகளைக் கவிழ்த்த ஆயுதம் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அரசியல் சட்டக் கோர்ட்டு. 2008 செப்டம்பரில் சமக் சுந்தரவேஜ் நீக்கப்பட்டார். டெலிவிஷனில் சமையல் செய்து காட்டிப் பணம் பெற்றாராம். ‘ஊழியன்’ என்ற பதத்துக்கு அகராதியைப் புரட்டிப் பொருள் கண்டது கோர்ட்டு! அவ்வருஷம் டிசம்பரில் சோம்சாய் வோங்சவத்தின் கட்சி கலைக்கப்பட்டு அவரும் வெளியேறினார். 2014 மே 7-ந் தேதி, ஓர் உத்தியோகஸ்தரை மாற்றியதற்காக யிங்லக். 2024 ஆகஸ்டு 14-ந் தேதி, முன்பு கோர்ட்டு அவமதிப்புக்குச் சிறை சென்ற வக்கீல் ஒருவரை மந்திரியாக்கியதற்காக, ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் ஸ்ரேத்தா தவிசின். 2025 ஆகஸ்டு 29-ந் தேதி, எல்லைத் தகராறு மூண்டிருந்த வேளையில் காம்போஜத்தின் ஹுன் சென்னோடு டெலிபோனில் இணக்கமாகப் பேசி, தம் தேசத்துத் தளபதியைக் குறைத்துச் சொன்னதற்காக, தக்சினின் புதல்வி பேதோங்தான். பதினேழு வருஷங்களில் ஐந்து பிரதம மந்திரிகள். ஒருவரையேனும் ஓட்டுப் போட்ட ஜனங்கள் நீக்கவில்லை.

நாமும் கோர்ட்டில் நின்று வாதாடிய அநுபவமுள்ளவர்களே. நீதிபதிகளைக் குறை கூறுவதில் நமக்கு விருப்பமில்லை. கடைசியாகச் சொன்ன இரு வழக்குகளிலும் பிரதம மந்திரிகள் மீது பிசகில்லை என்று நாம் வாதிடவும் மாட்டோம். தேர்தலில் வென்றவன் சட்டத்துக்கு மேற்பட்டவன் அல்லன். ஆனால் குற்றத்துக்கும் தண்டனைக்கும் ஒரு பொருத்தம் இருக்க வேண்டுமென்பது சட்டத்தின் பாலபாடம். நியமனம் செல்லாதென்றால் நியமனத்தை ரத்து செய்யலாம். நியமித்த மந்திரி சபையையே கலைப்பது கிளையில் பூச்சி கண்டு மரத்தை வெட்டுவதாகும். அன்றியும், அந்நீதிபதிகளை அங்கீகரிப்பது மேல் சபை. 2019 முதல் 2024 வரை இருந்த மேல் சபையின் 250 அங்கத்தினரும் புரட்சி செய்த பட்டாளத்தாரின் ஏற்பாட்டில் வந்தவர்கள். வழக்காளி தேர்ந்தெடுத்த நடுவர் எவ்வளவு நேர்மையாகத் தீர்ப்பளித்தாலும், பிரதிவாதி அதை நியாயமென்று ஏற்பானா?

2023 மே 14-ந் தேதி நடந்த தேர்தலில், பட்டாளத்தின் அரசியல் அதிகாரத்தைக் குறைக்க வேண்டும், மன்னரை அவமதித்ததற்கு 3 முதல் 15 வருஷம் வரை சிறை விதிக்கும் 112-வது ஷரத்தைத் திருத்த வேண்டும் என்று கூறிய மூவ் பார்வர்டு கட்சி 151 ஸ்தானங்களைப் பெற்று முதலில் வந்தது. மன்னரிடம் ஜனங்களுக்குள்ள பக்தி மெய்யானது. அந்த ஷரத்தைத் தொடலாகாது என்போரின் அபிப்பிராயத்தையும் மதிக்க வேண்டியதே. அப்படியானால் திருத்த மசோதாவைச் சபையில் தோற்கடிக்கலாமே! ஜூலை 13-ந் தேதி அக்கட்சித் தலைவர் பீதாவுக்கு 324 ஓட்டுகள் கிடைத்தன. மேல் சபையார் 250 பேரில் ஆதரித்தவர்கள் 13 பேர். அவர் பிரதம மந்திரியாகவில்லை. 2024 ஆகஸ்டு 7-ந் தேதி கட்சியே கலைக்கப்பட்டது. நிர்வாகிகள் 11 பேர் பத்து வருஷ காலம் அரசியலிலிருந்து விலக்கப்பட்டனர். சட்டத்தைச் சட்டப்படி திருத்துவோமென்று சொன்னதே ராஜ்யத்தைக் கவிழ்க்கும் முயற்சியாகக் கொள்ளப்பட்டது. ஒரு சட்டத்தைத் திருத்தச் சட்டசபையிலும் இடமில்லையென்றால், திருத்த விரும்புவோன் எங்கே போவான்? வீதிக்குப் போவான். 1973-லும் 1976-லும் 1992-லும் 2010-லும் வீதியில் சிந்திய ரத்தம் அதற்குச் சாட்சி.

படியாத குடியானவன் காசுக்கு ஓட்டை விற்கிறான், ஆகையால் அறிஞர்கள் அவனைத் திருத்தி ஆள வேண்டும் என்று பாங்காக்கின் கனவான்கள் சொல்வதுண்டு. இந்த வாதம் நம் காதுக்குப் புதிதன்று. நம்மை ஆண்ட வெள்ளையரும் இதையேதான் சொன்னார்கள். மேலும் 2023-ல் மூவ் பார்வர்டு கட்சிக்கு அள்ளிக் கொடுத்தது பாங்காக் நகரமே. படித்தவர்கள் ஓட்டும் பட்டாளத்துக்குப் பிடிக்காவிடில் செல்லாதென்று ஆனபின், படிப்பைப் பற்றிய வாதம் என்ன ஆயிற்று?

இனி இதன் பலனை, அதிகாரத்தில் பங்கில்லாத சாமானியர்கள் எப்படி அநுபவித்தார்கள் என்று பார்ப்போம். 2004 அக்டோபர் 25-ந் தேதி தென்கோடியிலுள்ள தக் பாய் என்ற ஊரில், மலாய் முஸ்லிம்களின் ஆர்ப்பாட்டத்தைப் பட்டாளத்தார் கலைத்தனர். எழுவர் அங்கேயே மாண்டனர். பிடிபட்டவர்களைக் கையைக் கட்டி, லாரிகளில் ஒருவர்மேல் ஒருவராக அடுக்கிக் கொண்டு சென்றதில் 78 பேர் மூச்சுத் திணறி இறந்தனர். அப்பொழுது பிரதம மந்திரி தக்சின். இறந்தவர்களின் குடும்பத்தார் தாங்களே தொடர்ந்த வழக்கை 2024 ஆகஸ்டில் கோர்ட்டு ஏற்றுக்கொண்டது. குற்றஞ்சாட்டப்பட்டவர்களில் ஒருவரும் கோர்ட்டுக்கு வரவில்லை. இருபது வருஷ காலக்கெடு 2024 அக்டோபர் 25-ந் தேதி முடிந்தது, வழக்கும் முடிந்தது. அப்பொழுது ஆட்சியிலிருந்தவர் தக்சினின் புதல்வி. பிரதம மந்திரி சமைத்ததையும் டெலிபோனில் பேசியதையும் விசாரித்துத் தீர்ப்புச் சொல்ல முடிந்த ஒரு ராஜ்யத்தில், 85 பிரஜைகளின் மரணத்துக்கு ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. மஞ்சள் சட்டையாரும் சிவப்புச் சட்டையாரும் இந்த ஒரு விஷயத்தில் ஒற்றுமையாக இருந்தனர் என்று சொல்லலாம்.

ஆதலின், சயாமில் எக்கட்சி நல்லது என்று தீர்ப்பளிக்க நாம் முன்வரவில்லை. வைத்தியத் திட்டம் நல்லதா, நெல் திட்டம் கெட்டதா, 112-வது ஷரத்து இருக்கலாமா என்பவை சயாம் ஜனங்கள் தீர்க்க வேண்டிய விஷயங்கள். நாம் சொல்வது இவ்வளவே: சர்க்காரின் பிழையை ஓட்டினால் திருத்துக, அதிகாரிகளின் குற்றத்தைக் கோர்ட்டினால் தண்டிக்க, இரண்டிலும் பட்டாளத்துக்கு வேலையில்லை. பிழையைக் குற்றமாக்கிக் குற்றத்தை மறந்துவிடும் ராஜ்யத்தில் எந்த அரசியல் சட்டமும் நிலைக்காது.

நம் தேசத்திலும், தமக்குப் பிடிக்காத மந்திரி சபை எவ்வழியிலாவது தொலைந்தால் போதும் என்று பேசும் அன்பர்கள் உண்டு. அவர்கள் சயாமின் சரித்திரத்தை ஒரு முறை படிக்க வேண்டும். எதிரியை வீழ்த்த நாம் இன்று திறந்துவிடும் வாசல், நாளை நம்மை வெளியே தள்ளவும் திறந்தேயிருக்கும்.