வினாடி முள் நின்றால் கடிகாரம் பழுதா?

அப்பாவோ தாத்தாவோ கட்டிய பழைய கைக்கடிகாரம் பல வீடுகளில் அலமாரிக்குள் கிடக்கிறது. நடுவில் உள்ள நீள முள் ஓடவில்லை என்பதற்காக அதைப் பழுது என்று முடிவுகட்டி, வந்த விலைக்கு விற்றுவிடக் கூடாது. அந்த முள் வினாடி முள்ளாகவே இல்லாமல் இருக்கலாம்.

பேட்டரி கடிகாரத்தில் வினாடி முள் வினாடிக்கு ஒரு தடவை தாவும். பேட்டரி இல்லாத கடிகாரத்தில், சுருள்வில் விரிந்து பல்சக்கரங்களைத் தள்ளுகிறது. இங்கும் அங்கும் ஆடும் சக்கரம் ஒன்று அந்த வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது. சீக்கோ 5 கடிகாரங்கள் பலவற்றில் உள்ள 7எஸ்26 இயந்திரம் மணிக்கு 21,600 தடவை துடிக்கும். அதாவது வினாடிக்கு 6 சிறு அசைவுகள். அதனால்தான் முள் வழுக்கிக்கொண்டு போவது போல் தெரிகிறது.

நேரம் காட்டுவதோடு நாள், கிழமை, ஸ்டாப்வாட்ச் போன்ற வசதிகளும் சேர்ந்தால், அவற்றுக்கும் அதே சுருள்வில்தான் சக்தி தர வேண்டும். நள்ளிரவையொட்டி நாள் மாறும்போது சுமை சற்றுக் கூடும். நல்ல நிலையில் உள்ள கடிகாரத்தில் இது கண்ணுக்குத் தெரியாது. நாள் மாறும் நேரத்திலேயே அடிக்கடி நின்றுபோனால், எண்ணெய் காய்ந்திருக்கலாம். சுத்தம் செய்யக் கொடுங்கள். இரவு 9 மணிக்கும் அதிகாலை 4 மணிக்கும் இடையில் நாளைத் திருகி மாற்றாதீர்கள், பற்கள் உடையக்கூடும்.

ஸ்டாப்வாட்ச் உள்ள கடிகாரங்களில்தான் குழப்பம் அதிகம். அவற்றில் பெரும்பாலும் நடு முள் ஸ்டாப்வாட்சுக்கு உரியது. பொத்தானை அழுத்தும் வரை 12-இல் நிற்கும். அழுத்தியதும் சில கடிகாரங்களில் லேசாகத் துள்ளும். பற்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்வதால் வருவது அது. வழக்கமான வினாடி முள் சிறு வட்டம் ஒன்றில் தனியாக ஓடும். 1969-இல் வந்த சீக்கோ 6139-இல் அந்தச் சிறு முள்ளும் கிடையாது. ஆகவே ஸ்டாப்வாட்ச் ஓடாதபோது எந்த வினாடி முள்ளும் அசையாது.

அந்த வகைக் கடிகாரத்துக்குத் திருகிச் சாவி கொடுக்க முடியாது. மெதுவாகச் சில தடவை அசைத்துவிட்டு, அரை மணி நேரம் நிமிட முள்ளைப் பாருங்கள். அது நகர்ந்தால் கடிகாரம் ஓடுகிறது. பிறகு மேல் பொத்தானை அழுத்துங்கள். நடு முள் கிளம்ப வேண்டும். இரண்டையும் பார்த்த பிறகு கடைக்குப் போனால், எதைப் பழுதுபார்க்க வேண்டும் என்று நீங்களே சொல்லலாம்.