உங்களுக்குத் தெரியுமா? மூட்டு மாற்றியாச்சு, அப்புறம்?

● 2000 அக்டோபரில் பிரதமர் வாஜ்பாய்க்கு மும்பையில் இடது முழங்கால் மூட்டு மாற்றப்பட்டது. அடுத்த ஆண்டு ஜூனில் வலது மூட்டு. அறுவை செய்த டாக்டர் சித்தரஞ்சன் ரணாவத், இன்றைய செயற்கை முழங்கால் மூட்டுக்கு முன்னோடியான மூட்டை 1970-களில் நியூயார்க்கில் வடிவமைத்த குழுவில் இருந்தவர்.

● 2017 ஆகஸ்டில் செயற்கை முழங்கால் மூட்டின் விலைக்கு மத்திய அரசு உச்சவரம்பு வைத்தது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலும் இந்த அறுவை உண்டு. அதனால் சேவுகம்பட்டி போன்ற ஊர்களின் தோட்டங்களில் குனிந்தே மூட்டு தேய்ந்த பெண்களுக்கும் இது எட்டாக்கனி அல்ல.

● ஆனால் பாதி வேலை வீட்டில்தான் இருக்கிறது! அறுவைக்குப் பின் முதல் மாதத்தில் முன்தொடைத் தசையின் பலம் பாதிக்கும் மேல் குறைந்துவிடும். மூட்டு புதிது, அதை இயக்க வேண்டியது அந்தத் தசை. "வலிக்குதா? படுத்துக்கோங்கம்மா" என்று பாசத்தில் சொல்லும் பிள்ளைகளே, அந்தப் பாசம் காலை முடக்கிவிடும். பெரும்பாலானவர்களை அறுவை நடந்த அன்றோ மறுநாளோ நடக்க வைப்பதும் தசை சோராமல் இருக்கத்தான்.

● முழங்காலுக்கு அடியில் தலையணை வைக்கவே கூடாது. சுகமாக இருக்கும், கால் மடங்கியபடியே இறுகிப்போகும். குதிகாலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, முழங்காலைப் படுக்கையோடு அழுத்தி, ஐந்து எண்ணி விடுங்கள். மடக்குவதைப் பற்றியே எல்லோரும் கேட்கிறார்கள். நீட்ட வராவிட்டால் நடை நொண்டும்.

● நாற்காலியிலிருந்து சிரமமின்றி எழ, மூட்டு சுமார் 90 டிகிரி மடங்க வேண்டும். சம்மணமும் குத்தவைத்து உட்காருவதும் வேறு கணக்கு. டாக்டரைக் கேட்காமல் முயல வேண்டாம்.

● படி ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது ஆபரேஷன் செய்த கால் முதலில். கைத்தடி எதிர்ப்பக்கக் கையில்.

● காலைத் தானாக மடக்கி நீட்டும் இயந்திரத்தால் பெரிய பலன் இல்லை என்று ஆய்வுகள் சொல்கின்றன. சொந்த முயற்சிக்கு ஈடில்லை.

● பாதத்தை மேலும் கீழும் அசைப்பது ரத்தம் உறையாமல் காக்க உதவும். கெண்டைக்கால் வீங்கி வலித்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

● தை மாதம் சேவுகம்பட்டி அழகர் பெருமாள் கோயிலில் வாழைப்பழம் சூறைவிடும் விழாவுக்குப் போக ஆசையா? கூட்டத்துக்குள் நுழையாமல் ஓரமாக நின்று பாருங்கள்.

● 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு, பெயரைப் பதிந்துகொள்ளுங்கள்.